ஆணி அடிக்காத வண்டிக்கொட்டகை

1

எங்கள் கட்டடத்துக் காவலாளி கான் பாய் நேற்று மாலை வந்து சுவர்களைப் பார்த்துவிட்டுப் போனார். ராஸ் அல் கைமாவில் வாடகை வீட்டைக் காலி செய்வதற்கு முன் இப்படி ஒரு பார்வை உண்டு. ஆணி அடித்த துளை, ஸ்டிக்கர் கிழித்த தடம், பிள்ளைகள் கிறுக்கியது, அடுப்படிக் கறை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு முன்பணத்தில் கழிப்பார்கள். கான் பாய் பெஷாவர்ப் பக்கத்து மனிதர். போன் விளக்கை அடித்துக்கொண்டு, ஒவ்வொரு சுவராக உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தார். கடைசியில் விளக்கை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"காதர் பாய், இத்தனை வருஷமும் நீங்க இங்கதான் இருந்தீங்களா? இல்ல, பூட்டிட்டு வேற எங்கயாச்சும் தங்கினீங்களா?" என்று இந்தியில் கேட்டார். "ஒரு ஆணிகூட இல்ல. மாஃபி முஷ்கில், ஒரு பிரச்சினையும் இல்ல."

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சமையலறை வாசலில் நின்றிருந்த என் மனைவி ஜெய்னம்பு சிரிக்கவில்லை. "நல்லாத்தான் கேக்குறாரு," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பதை எழுத வேண்டுமானால், போன மாதம் நாங்கள் சென்னையில் விற்றுவிட்டு வந்த வீட்டைப் பற்றி எழுத வேண்டும். அதை வீடு என்று சொல்வதா என்பதே பெரிய வழக்கு. கீழ்ப்பாக்கத்தில் ஒரு பழைய பங்களாவின் பின்புறம், துரைமார்களின் குதிரை வண்டி நிறுத்துவதற்காகக் கட்டிய கொட்டகை அது.

2

எங்கள் ஊர் கீழக்கரை. எங்களில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் இருக்க வேண்டும். என் உம்மாவின் வீடு என் தங்கைக்குப் போயிற்று. அது முறை, அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஜெய்னம்புவின் வாப்பாவுக்கு நான்கு பெண்கள். மூன்று பேருக்கு வீடு கொடுத்து முடித்தபோது அவரிடம் மிச்சம் இருந்தது அவர் இருந்த வீட்டின் மாடி அறை ஒன்று. நான்காவது மாப்பிள்ளையாக நான் அந்த அறைக்குப் போனேன். படியேறும்போது மற்ற மூன்று சகலர்களின் வீட்டு வாசல்களையும் தாண்டித்தான் ஏற வேண்டும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பம்பாயில் கொஞ்ச காலம், குவைத்தில் ஃபர்வானியாவில் ஒரு மளிகைக் கடை, பிறகு சலாலாவில் பழக்கடை. ஓர் இடத்தில் கால் தரிக்காது. ஜெய்னம்பு கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எனக்கு இல்லாமப் போனது போகட்டும். பொண்ணு பொறந்தா அவளுக்கு ஒரு வாசல் வேணும்."

சலாலாவிலிருந்து லீவில் வந்து, திரும்பிப் போக விசாவுக்காகச் சென்னையில் காத்துக்கிடந்த நாட்களில்தான் அந்தக் கொட்டகையைப் பார்த்தேன். பங்களாவின் வாரிசுகள் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். முன்பக்கத்துக்கு எல்லோரும் சண்டை போட்டார்கள். பின்பக்கச் சந்தில் இருந்த லாயத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டு பெரிய வளைவு வாசல்கள், உள்ளே ஒரு நீண்ட கூடம், சுவரில் குதிரை கட்டும் இரும்பு வளையங்கள், மேலே வைக்கோலும் குதிரைக்காரனும் இருந்த பரண். பரணுக்குப் போக ஏணி மாதிரி ஒரு மரப்படி. பழக்கடைக்காரன் கையில் இருந்ததற்கு அதுதான் கிடைத்தது. வாங்கினேன்.

ஊரில் சிரித்தார்கள். மூத்த சகலர் முன்கூடத்தில் எல்லோர் எதிரிலும் சொன்னார்: "நம்ம காதர் மாப்பிள்ளை பட்டணத்துல குதுர லாயம் வாங்கியிருக்காராம்ல. அடுத்த லீவுக்கு மிட்டாய் கொண்டுவர மாட்டாரு, கொள்ளு மூட்டதான்."

ஜெய்னம்பு மட்டும் சிரிக்கவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டியபோது இரண்டு வாசல்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஒரு வாசல் கேட்டேன். ரெண்டு இருக்குது," என்றாள்.

3

இந்த இடத்தில் ஃபர்வானியாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

அங்கே ஒரு ஹாலைப் பலகையால் தடுத்துத் தடுத்து அறைகளாக்கி வாடகைக்கு விடுவார்கள். பார்டிஷன் என்போம். சட்டப்படி அது கூடாது. பலதியாக்காரர்கள், அதாவது நகராட்சி ஆட்கள், எப்போது வேண்டுமானாலும் சோதனைக்கு வருவார்கள். அதனால் பலகையில் ஆணி இருக்கக் கூடாது. சுவரில் துளை இருக்கக் கூடாது. பலகையைத் தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறுத்தி, அடியில் மர ஆப்பு வைத்து இறுக்க வேண்டும். கீழே கடையிலிருந்து யாராவது "பலதியா!" என்று குரல் கொடுத்தால் ஆப்பைக் காலால் தட்டுவோம். பலகைகள் இறங்கிவிடும். அவற்றைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்போம். வந்தவர்கள் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர்கள் படி இறங்கியதும் அறைகள் மறுபடி எழுந்து நிற்கும்.

அந்த ஆப்பு வேலையில் நான் கெட்டிக்காரன். பக்கத்துக் கட்டடத்திலிருந்தெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள். சட்டை மாட்டுவதற்குக்கூட ஆணி கிடையாது, கட்டில் கம்பியில்தான் எல்லாமே தொங்கும். பிறகு சலாலாவிலும் அப்படி, ராஸ் அல் கைமாவில் டைல்ஸ் கம்பெனி கேம்ப்பிலும் அப்படி. கை அதற்குப் பழகிவிட்டது.

ராஸ் அல் கைமாவில்தான் நான் நிலைத்தேன். லோடிங்கில் சேர்ந்து யார்டு ஃபோர்மேன் வரை வந்தேன். சம்பளம் கூடியதும் ஃபேமிலி விசா கிடைத்தது. ஜெய்னம்பு வந்தாள். நஸ்ரின் இங்கேதான் பிறந்தாள்.

ஒவ்வொரு லீவிலும் கீழ்ப்பாக்கத்து வீட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக நவீனமாக்கினேன். கல்ஃப்காரன் வீடு என்றால் பளபளவென்று இருக்க வேண்டுமே. கம்பெனியில் கழித்துவிட்ட ஐவரி நிற டைல்ஸைக் கப்பலில் அனுப்பினேன். தரையை அதால் மூடினேன். காரை பெயர்ந்த சுவர்களை ஜிப்சம் பலகையால் மறைத்தேன். தேக்கு உத்தரங்களுக்குக் கீழே பொய்க்கூரை. வளைவு வாசல்களுக்குள்ளே அலுமினியக் கதவு. ஆனால் தரையில் சிமென்ட் போடவில்லை. பிளாஸ்டிக் விரிப்பு, அதன்மேல் சலித்த மணல், அதன்மேல் டைல்ஸ். சுவர்ப் பலகைகளை மரச்சட்டத்தில் நிறுத்தி ஆப்பு வைத்தேன். கூரையும் அந்தச் சட்டத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

உதவிக்கு வந்த கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். "பாய், இது உங்க சொந்த வீடுதான? ராவோட ராவா காலி பண்றவன் மாதிரி வேல செய்றீங்களே."

"பின்னால மாத்தணும்னா லேசா இருக்கும்ல," என்றேன். அப்போது அதை நானே நம்பினேன்.

சிமென்ட் இல்லாத தரை நடக்கும்போது ஆடும். ஒவ்வொரு லீவிலும் ஜெய்னம்பு அதற்காகத் திட்டுவாள். "வீடு முழுக்க ஆடுற பல்லு மாதிரி இருக்குது. ராத்திரி தண்ணி குடிக்க எந்திரிச்சா தெருவுக்கே தெரியும்." மற்றக் காலத்தில் வீடு பூட்டியே கிடந்தது. சந்தின் முனையில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த தரகர் செல்வமணியிடம் சாவி இருந்தது. வாடகைக்கு விடலாமே என்று அவர் எத்தனையோ முறை கேட்டார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. குடித்தனக்காரர்கள் ஆணி அடிப்பார்கள்.

4

அந்த இரண்டு வாசல்களும் நஸ்ரினுக்குத்தான் என்று வைத்திருந்தோம். அவளுக்கு அதில் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை.

நஸ்ரின் கெட்ட பிள்ளை இல்லை. துபாயில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. கூட வேலை பார்த்த பையனையே, எங்கள் சம்மதத்தோடுதான், கட்டிக்கொண்டாள். நல்ல பையன். நான் தமிழில் பேசினால் நஸ்ரின் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள், இடையில் இரண்டு தமிழ்ச் சொல் வரும். கல்யாணத்துக்கு முன்னால் முறைப்படி வீட்டுப் பத்திரத்தை அவள் கையில் கொடுத்தேன்.

"வாப்பா, தேங்க்ஸ். ரியலி. பட் நான் சென்னைல வந்து என்ன பண்றது? அவர் கனடாக்கு அப்ளை பண்ணியிருக்கார்ல."

"முறைம்மா. மாப்பிள்ள பொண்ணு வீட்டுலதான் இருக்கணும்."

"வாப்பா, அவருக்கு அவரோட வீடே பிடிக்காது. அந்த டைல்ஸ் சவுண்டு கேட்டா ஓடிருவாரு."

பத்திரம் திரும்ப என் பெட்டிக்கே வந்தது.

இந்த வருஷம் கம்பெனி என்னிடம், வயது கடந்துவிட்டது, விசாவைப் புதுப்பிக்க முடியாது என்று சொன்னது. முன்பே தெரிந்த விஷயம்தான். ஆனாலும் யார்டில் வேலை செய்பவனுக்கு மழை வருமென்று தெரிந்திருந்தாலும் நனையத்தான் வேண்டியிருக்கிறது. ஓய்வூதியம் என்று எதுவும் இல்லை. எங்களுக்கு இருந்தது அந்த லாயம் ஒன்றுதான். அதில் போய் இருக்கவும் முடியாது. படுக்கவும் குளிக்கவும் பரண் மேல்தான் இடம், டைல்ஸ் பெட்டி தூக்கித் தூக்கி என் முட்டி அந்த மரப்படிக்கு லாயக்கில்லை. அதை விற்றால் ராமநாதபுரத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீடு வாங்கி, மிச்சத்தில் காலத்தை ஓட்டலாம். விற்காவிட்டால் கீழக்கரையில் அதே மாடி அறை. மூன்று சகலர் வீட்டு வாசல்களைத் தாண்டி மறுபடி ஏற வேண்டும்.

"அந்தப் படியில இனிமே நான் ஏறுனா என் மையத்துதான் இறங்கும்," என்றாள் ஜெய்னம்பு. விளையாட்டாகச் சொல்லவில்லை.

5

செல்வமணி விளம்பரம் கொடுத்தார். தனி வீடு, பளபள டைல்ஸ், பொய்க்கூரை, கல்ஃப் ஃபிட்டிங்ஸ். கீழ்ப்பாக்கம் இன்று எல்லோரும் ஆசைப்படுகிற ஏரியா. ஆனால் வந்தவர்கள் எல்லாம் நிலத்தைத்தான் பார்த்தார்கள். ஃபிளாட் கட்டுகிறவர்கள் அளந்து பார்த்துவிட்டு இடம் போதாது என்றார்கள். குடியிருக்க வந்தவர்கள் தரை ஆடுவதைக் கேட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விசா முடியும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

நஸ்ரின்தான் ஒரு வழி செய்தாள். எங்கள் பழைய ஆல்பத்தில் ஒரு படம் இருந்தது. நான் எதையும் மூடுவதற்கு முன் எடுத்தது. வளைவு வாசலில் ஜெய்னம்பு நிற்கிறாள், பக்கத்தில் இரும்பு வளையம், பின்னால் கருங்கல் தரை. அதை போனில் படமெடுத்துக்கொண்டு போய் ஆங்கிலத்தில் என்னவோ எழுதி இணையத்தில் போட்டாள். மறுநாளே கூப்பிட்டாள்.

"வாப்பா, பீப்பிள் ஆர் கோயிங் மேட். அது 'விண்டேஜ் கோச் ஹவுஸ்'. அந்த மாதிரி மெட்ராஸ்ல கொஞ்சம்தான் இருக்காம். நீங்க ஏன் சொல்லவே இல்ல?"

"லாயம்னு சொன்னேனேம்மா."

"லாயம்னு சொன்னா யாரு வாங்குவா?"

படத்தைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டவர் வைதேகி என்று ஒரு பெண். பழைய கட்டடங்களைச் செப்பனிடுகிறவர், கணவரும் அவருமாகத் தங்களுக்கே ஒரு வீடு தேடிக்கொண்டிருந்தார்கள். செல்வமணி போனை வீடியோவில் போட்டு வீட்டைச் சுற்றிக் காட்டினார். பளபள டைல்ஸையும் பொய்க்கூரையையும் பார்க்கப் பார்க்க அந்தப் பெண்ணின் முகம் விழுந்துவிட்டது.

"படத்துல இருந்த எதுவுமே இல்லையே சார். எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களே."

"அழிக்கலம்மா," என்றேன் இங்கிருந்து. "மூடித்தான் வச்சிருக்கேன்."

"எல்லாரும் அப்படித்தான் சார் சொல்வாங்க. டைல்ஸ் ஒட்டணும்னா கல்லைக் கொத்தியிருப்பாங்க. சுவர்ல துளை போட்டிருப்பாங்க. அப்புறம் திரும்ப வராது." குரலில் கோபம் இல்லை, ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி இருந்தது. "யோசிச்சுச் சொல்றேன் சார்."

யோசித்துச் சொல்கிறேன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அன்றே கம்பெனியில் மீதி லீவைக் கேட்டேன். ஜெய்னம்புவும் கிளம்பினாள்.

6

சென்னையில் ஆட்டோவில் ஏறிய பிறகும் என் வாய் வளைகுடாவிலேயே இருந்தது. கீழ்ப்பாக்கத்துக்குள் திரும்பும் இடத்தில் "யமீன், யமீன்" என்று கத்தினேன். வலது பக்கம் என்று சொல்கிறேன் என்ற நினைப்பு. டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

"அய்யா, மொதல்ல யாருன்னு சொல்லுங்க. யாமினி வீடு எனக்குத் தெரியாது."

ஜெய்னம்பு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தப் பயணத்தில் அவள் சிரித்தது அது ஒருமுறைதான்.

விற்பதற்கு முன் வரி ஆவணத்தைச் சரிசெய்ய வேண்டியிருந்தது. ஓர் அலுவலகத்தில் எங்கள் கட்டடம் இன்னும் குதிரை லாயமாகவே பதிவாகியிருந்தது. அதிகாரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

"இதுல லாயம்னு இருக்கே. குதிரை இருக்கா?"

"இல்லீங்க சார்."

"எப்பத்துலேருந்து இல்ல?"

"நான் வாங்குறதுக்கு முன்னாலேயே இல்லீங்க."

"அப்ப குதிரை இல்லன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

எழுதிக் கொடுத்தேன். என் பெயரில் உள்ள கட்டடத்தில் குதிரை எதுவும் இல்லை, இதற்கு முன்னும் நான் குதிரை வளர்த்ததில்லை. படித்துப் பார்த்துவிட்டு, "இனியும் வளர்க்க மாட்டேன்னு ஒரு வரி சேருங்க," என்றார். சேர்த்தேன். பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரியும் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருந்ததற்கு இன்னும் நாலு நாள் அலைந்தேன். அந்த அலைச்சலை எழுதினால் படிப்பவர்களுக்குத்தான் கால் வலிக்கும்.

7

வைதேகியை ஒரே ஒரு தடவை நேரில் வந்து பார்க்கச் சொல்லிச் செல்வமணி கெஞ்சியிருந்தார். வந்தார், கூட ஒரு மேஸ்திரியும். வாசலிலேயே நின்றார். உள்ளே வந்து மனசு கெட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம்.

கண்ணாடி தூக்குகிறவர்கள் வைத்திருக்கும் ரப்பர் கைப்பிடியை ராஸ் அல் கைமாவிலிருந்தே கொண்டுபோயிருந்தேன். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து, அதை ஒரு டைலில் அமுக்கி இழுத்தேன். முட்டி வலித்தது, டைல் வலிக்காமல் வந்தது. சுற்றியிருந்த நான்கையும் எடுத்தேன். மணலை வழித்தேன். பிளாஸ்டிக் விரிப்பைக் கத்தரியால் வெட்டி ஒதுக்கினேன்.

கீழே கருங்கல் இருந்தது. ஈரம் கோத்து, ஓரத்தில் கொஞ்சம் பூசணம் பிடித்திருந்தது. அதைத் தவிர, நான் வாங்கிய அன்று எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம் வாசலை நோக்கிப் போயிற்று.

வைதேகி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். குனிந்து அந்தப் பள்ளத்தில் விரலை வைத்து, அது டைல்ஸுக்கு அடியில் மறைகிற இடம் வரை இழுத்துக்கொண்டே போனார்.

"சுவரு?" என்றார். குரல் வேறாகிவிட்டது.

ஆப்பைக் காலால் தட்டினேன். பலகை இறங்கியது. வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், இரும்பு வளையம். அடுத்த ஆப்பு. அடுத்த வளையம். மேஸ்திரி கூரைப் பலகையை விலக்கினார், தேக்கு உத்தரங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒரு துளை இல்லை. ஃபர்வானியாவில் "பலதியா!" என்ற குரல் கேட்டால் எவ்வளவு வேகமாக இறக்குவோமோ, கிட்டத்தட்ட அதே வேகத்தில் இறக்கினேன். உடம்புக்கு மறக்கவில்லை.

"சார், நீங்க இதையெல்லாம் முறையா படிச்சிருக்கீங்களா? இவ்வளவு ஜாக்கிரதையா யாரும் பாதுகாத்து நான் பார்த்ததே இல்ல," என்றார் வைதேகி.

"படிப்பெல்லாம் இல்லம்மா. நகராட்சி பயம்," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. புரிய வைக்க எனக்கும் தெம்பில்லை.

சமையல் மூலையில் ஒரு பலகை மட்டும் இறங்கவில்லை. ஆப்பை எடுத்த பிறகும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றது. இழுத்துப் பார்த்தேன். பழைய மாதக் காலண்டர் ஒன்று அதில் தொங்கியது, ஆடியதே தவிரப் பலகை அசையவில்லை.

"ஈரத்துல ஒட்டிக்கிச்சு போல," என்றேன்.

அதுவரை வாசல் ஓரமாக நின்றிருந்த ஜெய்னம்பு சொன்னாள். "அது வராது. ஆணி இருக்குது."

"ஆணியா? நான் அடிக்கலியே."

"நீங்க எங்க அடிப்பீய? நான்தான் அடிச்சேன்."

காலண்டரை எடுத்தேன். ஒரு நீள ஆணி. பலகையைத் துளைத்துச் சுண்ணாம்புச் சுவருக்குள் போயிருந்தது. கோணல்மாணலாக, சுற்றிலும் அடி பட்ட தடங்களோடு.

"எப்ப?"

"நஸ்ரின் காலேஜ் சேந்த வருஷம் லீவுக்கு வந்தோம்ல. நீங்க ஜும்மாவுக்குப் போயிருந்திய. அம்மிக் குழவியாலதான் அடிச்சேன்." அவள் என்னைப் பார்க்கவில்லை, ஆணியைப் பார்த்துத்தான் பேசினாள். "மாப்பிள்ள வந்தா சட்டைய எங்க மாட்டுவாரு? கட்டில் கம்பிலயா? உங்கள மாதிரி?"

அந்த ஆணியில் காலண்டர்தான் தொங்கியது. மாப்பிள்ளை அந்த வீட்டைப் போனில்தான் பார்த்திருக்கிறார்.

மேஸ்திரி மெதுவாகச் சொன்னார். "அம்மா, ஒண்ணும் பிரச்சினை இல்லம்மா. ஆணியப் பிடுங்கிட்டுக் கொஞ்சம் சுண்ணாம்பு அடைச்சா தடமே தெரியாது."

"தெரியாதா?" என்று கேட்டாள் ஜெய்னம்பு.

"சுத்தமா தெரியாது."

அவள் தலையாட்டினாள். மேஸ்திரி பிடுங்கியதும் கையை நீட்டினாள். அதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

வைதேகி அன்றே சரி என்றார். அடுத்த வாரம் பதிவு முடிந்தது. ராமநாதபுரத்தில் வீடு பார்த்தாயிற்று. தரைத்தளம், படி இல்லை, ஒரு வாசல். ஜெய்னம்பு பார்த்துவிட்டு நல்லா இருக்குது என்றாள். இதற்குள் கணவரோடு கனடா போய்ச் சேர்ந்திருந்த நஸ்ரின் அங்கிருந்து கூப்பிட்டு, அந்தக் கோச் ஹவுஸில் மூடியிருந்ததையெல்லாம் விலக்கிய பிறகு எடுத்த படங்களை வைதேகி இணையத்தில் போட்டிருப்பதாகச் சொன்னாள். "வாப்பா, இட்ஸ் ஸோ ப்யூட்டிஃபுல். முன்னாடியே இப்படி இருந்திருந்தா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு அங்கே பனி விழுவதைப் பற்றிப் பேசினாள்.

8

கணக்கு முடிக்கவும் விசா ரத்துக்கும் திரும்பி வந்தோம். சாமான்கள் கட்டியாயிற்று. நேற்று கான் பாய் வந்து பாராட்டிவிட்டுப் போனார்.

இன்று காலை நான் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜெய்னம்பு ஸ்டூலை இழுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்தாள்.

"சுத்தியல் எந்தப் பெட்டில இருக்குது?"

கையில் அந்த ஆணி.

"இது கான்கிரீட்டுடி. மெஷின்ல துளை போடாம ஆணி இறங்காது," என்றேன். "சாயங்காலம் சாவி குடுக்கணும். முன்பணத்துல புடிச்சுக்குவாங்க."

"ஸ்டூலப் புடிங்க."

பிடித்துக்கொண்டேன். அவள் ஏறி, ஹால் சுவரில் நஸ்ரின் சின்னப் பிள்ளையாகப் படுத்துத் தூங்கிய சோபா இருந்த இடத்துக்கு மேலே ஆணியை வைத்து அடித்தாள். தீப்பொறி மாதிரி பெயின்ட் தெறித்தது. மறுபடி அடித்தாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டினார். அவள் நிறுத்தவில்லை. ஆணி வளைந்து கீழே விழுந்தது. சுவரில் ஒரு துவரம்பருப்பு அளவுக்குப் பள்ளம். அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கினாள்.

பெட்டிக்குள் வெள்ளை பெயின்ட் டியூப் ஒன்று இருந்தது. ஒரு தொடுதலில் மறைத்துவிடலாம். எடுக்கக் கை போயிற்று. எடுக்கவில்லை.

சாயங்காலம் கான் பாய் சாவி வாங்க வந்தார். நேற்றே பார்த்ததுதானே என்று சும்மா ஒரு சுற்று, பேசிக்கொண்டே, உள்ளங்கையைச் சுவரில் ஓடவிட்டபடி வந்தார். ஹாலில் கை நின்றது. போன் விளக்கை அடித்தார். பள்ளத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"காதர் பாய், யே க்யா ஹை? நேத்து இது இல்லையே."

நான் வாயைத் திறப்பதற்கு முன் ஜெய்னம்பு சமையலறையிலிருந்து வந்து எனக்கு முன்னால் நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் கான் பாயிடம் நேராகப் பேசி நான் கேட்டதில்லை.

"மேரா ஹை, பாய்," என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "என்னுதுன்னு எழுதிக்கச் சொல்லுங்க," என்றாள்.